உயிர் என்னும் ஈவு

இராஜபாளையத்திற்குத் தெற்கே செட்டியார்பட்டி, சேத்தூர், தேவதானம் முதலிய ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. இவற்றுள் தேவதானம் என்னும் பெயர் நம் சிந்தனைக்குரியது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட நிலத்தைத் தேவதானம் என வழங்குவது பண்டைத் தமிழக மரபு. மனிதர் இறைவனுக்குக் கொடுப்பதே அச்சொல்லின் பொருள். திருமறையோ இதற்கு எதிர்த்திசையில் வரும் தானத்தைப் பற்றியே முதலாவது பேசுகிறது. அங்கே கொடுப்பவர் கடவுள், பெறுபவர் மனிதர், கொடுக்கப்படுவது உயிர்.

உயிர் கடவுளின் ஈவு என்பதைத் திருமுழுக்கிலும் அடக்க ஆராதனையிலும் நாம் தயக்கமின்றிச் சொல்லுகிறோம். ஆனால் தறிக் கூலியையும் தையல் கூலியையும் நம்பி வாழும் ஒரு வீட்டில் மூன்றாவது பெண் மகவு பிறந்த நாளன்று, அதே சொல்லை நாம் எவ்வாறு சொல்லுவோம்? இவ்வினாவை விலக்கிவிட்டு நாம் உருவாக்கும் இறையியல் எதுவும் நம் மண்ணில் வேரூன்றாது.

1. ஈவு என்பதன் பொருள்

மண்ணால் உருவாக்கப்பட்ட மனிதன் கடவுள் ஊதிய சுவாசத்தால் உயிருள்ளவனானான் (ஆதி. 2:7). அனைவருக்கும் உயிரையும் சுவாசத்தையும் அளிப்பவர் அவரே எனப் பவுல் அத்தேனே நகரில் எடுத்துரைத்தார் (அப். 17:25). பெற்றுக்கொள்ளாதது எதுவும் நம்மிடம் இல்லை என்பதையும் அவர் கொரிந்து சபையாருக்கு நினைவூட்டினார் (1 கொரி. 4:7). ஆகவே உயிர் கூலியும் அன்று, கடனும் அன்று. அதன் மதிப்பு அதனால் விளையும் பயனைப் பொறுத்ததும் அன்று.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் நம் உடைமையாகிவிடுகிறது. உடைமையை நம் விருப்பப்படி கையாளலாம் அல்லவா? இதற்கு விடை உண்டு. ஏனைய கொடைகளைப் பெறுவதற்கு ஒருவர் முன்னரே இருக்கிறார். உயிரைப் பொறுத்தவரையிலோ, பெறுபவரே அக்கொடையினால்தான் உண்டாகிறார். கொடைக்கு வெளியே நின்று அதனை உடைமையாக்கிக்கொள்ள எவரும் இல்லை. மேலும், ஒரு குழந்தையின் உயிர் முதலாவது அக்குழந்தைக்கே கொடுக்கப்படுகிறது. அதன் பின்னரே பெற்றோருக்கு ஈவாகிறது. பிள்ளைகள் கர்த்தர் தரும் சுதந்தரம் என்னும் சங்கீதக்காரரின் கூற்றை (சங். 127:3) இப்பொருளிலேயே கொள்ளுதல் தகும்.

2. வெளியில் எறியப்பட்ட மகவு

எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஒரு பெண் குழந்தையாக உருவகிக்கப்படுகிறது. தொப்புள்கொடி அறுக்கப்படவில்லை, நீரால் கழுவப்படவில்லை, துணியில் சுற்றப்படவில்லை, இரங்குவார் ஒருவரும் இல்லை. பிறந்த நாளிலேயே வெட்டவெளியில் எறியப்பட்ட அக்குழந்தையைக் கடந்து செல்லும் கடவுள், அது பிழைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். அவ்வதிகாரத்தின் பிற்பகுதியில் பெண்ணுக்கு எதிரான கடுமையான உருவகங்கள் உள்ளன. அவற்றை நாம் எச்சரிக்கையுடனேயே வாசிக்க வேண்டும். ஆயினும் மனிதர் வேண்டாம் என்று தள்ளிய பெண் மகவைக் கடவுள் வேண்டும் என்கிறார் என்பது இப்பகுதியில் தெளிவு. பிறந்த குழந்தையைக் கொல்லலாகாது எனத் ‘திதகே’ என்னும் ஆதித் திருச்சபை நூல் கட்டளையிட்டதும், குழந்தையை ஏற்கவோ எறியவோ தந்தைக்கு உரிமை வழங்கிய உரோமச் சமுதாயத்தின் நடுவிலேதான்.

3. நம் மண்ணின் சான்றுகள்

செட்டியார்பட்டிக்கு வடக்கேயுள்ள திருவில்லிபுத்தூரின் புகழுக்குக் காரணமானவர் ஆண்டாள். துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தையைப் பெரியாழ்வார் தம் மகளாக ஏற்று வளர்த்தார் என்பது வைணவ மரபு. தாம் பெறாத பிள்ளையை இறைவன் தந்த ஈவாக ஏற்ற ஒருவரின் நினைவை இவ்வட்டாரம் போற்றி வருகிறது. ஆயர்கள் இதனை நன்றியோடு நினைவுகூரலாம்.

இந்நிலப்பகுதிக்கு வடக்கே, மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக் கொலைகள் 1986இல் ‘இந்தியா டுடே’ இதழின் வாயிலாக நாடறிய வெளிவந்தன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கிற்று. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. எனினும் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குத் தமிழகத்தில் 1991இல் 948 பெண்களும், 2001இல் 942 பெண்களும், 2011இல் 943 பெண்களும் இருந்தனர். தொட்டில் குழந்தையை ஏற்றுக்கொண்டது; குழந்தையைத் தொட்டிலுக்கு அனுப்பிய காரணம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஒரு சிறுமி 1901இல் தப்பி வந்து ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். 1951இல் மரிக்கும் வரையில் அவ்வம்மையார் டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக விளங்கினார். தேவதாசியாக அர்ப்பணித்தலைச் சென்னை மாகாணத்தில் தடைசெய்யும் சட்டம் 1947இல் வந்தது. அடைக்கலமும் வேண்டும், அநீதியின் வேரை அறுக்கும் சட்டமும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் நமக்குக் கற்பிக்கின்றன.

4. சபையின் பொறுப்பு

பெண் மகவு சுமையாகக் கருதப்படுவதற்கு முதற்காரணங்களுள் ஒன்று வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தும், அது கிறிஸ்தவ இல்லங்களை விட்டு அகலவில்லை என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தட்சணை என்பதும் காணிக்கையைக் குறிக்கும் சொல்லே. கடவுள் விலையின்றித் தந்த உயிருக்கு நாம் காணிக்கையின் பெயரால் விலை குறிக்கிறோம். ஈவைப் பற்றிப் பீடத்தில் பிரசங்கித்துவிட்டு, மாலையில் பெண் வீட்டாரிடம் நகைக் கணக்குப் பேச அமரும் ஆயர் தம் பிரசங்கத்தைத் தாமே மறுதலிக்கிறார்.

ஆகையால் மூன்று காரியங்களை நாம் முன்வைக்கிறோம். முதலாவது, பெண் குழந்தை பிறந்த வீட்டிற்கு ஆண் குழந்தை பிறந்த வீட்டிற்குப் போலவே ஆயர் விரைந்து சென்று, நன்றி ஜெபம் ஏறெடுக்க வேண்டும். இரண்டாவது, வரதட்சணைப் பேச்சில் இடைநிற்பதில்லை என ஊழியரும் மூப்பரும் உறுதிபூண வேண்டும். மூன்றாவது, திருமுழுக்கின்போது சபையார் குழந்தைக்காகக் கொடுக்கும் வாக்கு, அதன் கல்விக்கும் உணவுக்கும் தோள் கொடுப்பதாக நிறைவேற வேண்டும். அச்சமுற்ற தாயைக் குற்றவாளியாக்குவது எளிது; அவள் அச்சத்தைப் பகிர்ந்து சுமப்பதே நற்செய்தி.

உயிர் ஈவு என்பதை அத்தாய் நம் சொல்லைக் கொண்டு நம்பமாட்டாள். தன் மகளை ஏற்றுக்கொள்ள ஒரு சபை காத்திருக்கிறது என்று காணும்போதே நம்புவாள். கடவுள் தந்த உயிரை அவ்வாறு ஏற்றுக் காப்பதே நாம் அவருக்குப் படைக்கத்தக்க தேவதானம்.