பழைய ரௌட்டரை இணைத்ததும் இணையம் நின்றுவிடுகிறதா?

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றதும், அலமாரியில் கிடக்கும் பழைய ரௌட்டரை எடுத்துப் புதியதோடு ஒரு கேபிளில் இணைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதன் பிறகு அப்பாவின் கைப்பேசியில் இணையம் வரும். பிள்ளையின் மடிக்கணினியில் வராது. மறுநாள் நிலைமை தலைகீழாகும். சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ரௌட்டரின் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது.

அங்குள்ள துளைகள் ஒரே அளவில் இருந்தாலும் அவற்றின் வேலை வேறு. ‘வான்’ துளை வெளியிலிருந்து இணையம் வரும் வழி. பெரும்பாலும் அதன் நிறம் மாறியிருக்கும். ‘லான்’ துளைகள் வீட்டுக் கருவிகளுக்கு உரியவை.

ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி வழங்குவது ரௌட்டரின் வேலை. இதை டிஎச்சிபி என்பார்கள். பழைய ரௌட்டரை லான் துளை வழியாக அப்படியே இணைத்தால், வீட்டில் முகவரி வழங்குபவர்கள் இருவராகிவிடுவர். பழையதிடம் முகவரி வாங்கிய கைப்பேசி, வெளியே போகும் வாசலும் அதுதான் என்று நம்பும். அதற்கோ வெளி இணைப்பே இல்லை. வைஃபை குறி முழுதாக இருந்தும் இணையம் வராதது இதனால்தான்.

பழையதை முதலில் ஒரு கணினியோடு மட்டும் இணைத்து, ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். இரண்டு ரௌட்டர்களுக்கும் 192.168.0.1 என்ற முகவரியே இருந்தால், பழையதற்கு 192.168.0.2 எனக் கொடுக்கலாம். பிறகு லானிலிருந்து லானுக்கு ஒரே ஒரு கேபிள்.

வேகம் கூடும் என்று இரண்டு கேபிள்களைச் செருகுபவர்களும் உண்டு. வேகம் கூடாது, தகவல் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு இணையமே முடங்கிவிடும். விளக்குகள் எல்லாம் ஓயாமல் மின்னினால் ஒரு கேபிளைக் கழற்றிப் பார்க்கலாம்.

பழைய ரௌட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் மாடிக்கு 100க்குக் கீழேதான் கிடைக்கும்.

எதுவும் சரிவரவில்லை என்று முதன்மை ரௌட்டரின் ‘ரீசெட்’ பொத்தானை ஊசியால் அழுத்திவிடக் கூடாது. சேவை நிறுவனம் பதிவு செய்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அழிந்து போகலாம். அவை கைவசம் இல்லையென்றால், தொழில்நுட்பர் வரும்வரை வீட்டில் யாருக்குமே இணையம் இருக்காது.