கடைசிப் பக்கக் கணக்கு

சின்ன வயதில் நண்பனிடம் 'காய்' விட்டு, மறுநாளே 'பழம்' விட்டுச் சேர்ந்துகொண்டது நினைவிருக்கிறதா? உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் காய் விடுவது நிற்பதில்லை; பழம் விடுவதுதான் மறந்து போகிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாட நேரத்தில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தான். ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்! அவனுக்கு யார், என்றைக்கு, என்ன கெடுதல் செய்தார்கள் என்று தேதியோடு எழுதியிருந்தான். ஒரு பெயர் மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது. அது, அவனோடு ஒரே தேவாலயத்துக்குப் போகும் நண்பனின் பெயர். இருவரும் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அன்று நீதிபோதனை வகுப்பில், பட்டியலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

"மளிகைக் கடை அண்ணாச்சி பற்று நோட்டு வைத்திருக்கிறாரே, எதற்கு?" என்று கேட்டேன்.

"யார் எவ்வளவு பாக்கின்னு பார்க்க சார்!"

"இயேசுநாதரும் ஒரு பாக்கிக் கதை சொல்லியிருக்கிறார், கேளுங்கள்" என்றேன்.

ஓர் ஊழியன் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். காலில் விழுந்து கெஞ்சினான். அரசன் மனமிரங்கி முழுக் கடனையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த ஊழியன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடித்தான், சிறையிலும் தள்ளினான். செய்தி அறிந்த அரசன், அவனையே தண்டித்தான்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைய ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் 10,000 தாலந்து, 6 கோடி நாள் கூலி! தினமும் உழைத்தாலும் தீர்க்க 1,60,000 ஆண்டுகளுக்கு மேலாகும். மற்றவனின் கடனோ 100 நாள் கூலிதான்.

"எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவையா?" என்று பேதுரு கேட்டதற்குத்தான் இந்தக் கதை. "ஏழு எழுபது தடவை" என்றார் இயேசு.

"490 சார்! 491-வது தடவை அடிக்கலாமா?" என்றான் ஒரு குறும்பன். வகுப்பே சிரித்தது.

"எண்ணிக்கொண்டே இருந்தால் அது மன்னிப்பு இல்லையடா, பற்று நோட்டு!" என்றேன்.

பட்டியல்காரன் எழுந்தான். "மன்னிச்சா, தப்பு செஞ்சவனுக்குக் கொண்டாட்டமாயிடுமே சார்?"

நல்ல கேள்வி. 1981 மே 13 அன்று, வாடிகனில் போப் இரண்டாம் ஜான் பாலை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். உயிர் தப்பிய போப், சில நாட்களிலேயே அவனை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பரில் ரோம் நகரச் சிறைக்கே போய் அவனருகில் அமர்ந்து பேசினார். ஆனால், சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் இத்தாலியில் அவன் விடுதலையானான். செய்தது தப்பு என்பதை மன்னிப்பு மறைப்பதில்லை. பழிவாங்கும் எண்ணத்தைத்தான் விடச் சொல்கிறது.

ஒருவர் உங்களைத் தொடர்ந்து துன்புறுத்தினால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கட்டாயம் சொல்லுங்கள். அது மன்னிப்புக்கு எதிரானது அல்ல.

மறுநாள் அந்த மாணவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பக்கத்தைக் கிழிக்கவில்லை. நண்பனின் பெயரிருந்த ஐந்து வரிகளில் ஒன்றை மட்டும் அடித்திருந்தான்.

"மீதி நாலும் மெதுவா சார்" என்றான்.

அன்று மதியம், இருவரும் ஒரே மரத்தடியில் சாப்பிட்டார்கள்.

உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது?