மான் மேயும் நிலத்திற்குப் பரண் காவல்

தாளவாடி போன்ற காட்டோரப் பகுதிகளில் கேழ்வரகு கதிர் விடும் பருவத்தில் இரவுக் காவல் தவிர்க்க முடியாதது. வேட்டைக்காரன் பரணில் ஒளிந்திருப்பான்; காவலுக்கு இருப்பவரோ மானுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும். ஆகவே பரணை நிலத்தின் நடுவே போடாமல், மான் தடம் தெரியும் காட்டோர வரப்பில் அமைப்பது நலம். கால்களின் அடியில் தார் பூசி நட்டால் கறையான் எளிதில் அரிக்காது. அந்தியிலும் விடியலுக்கு முன்பும் விழிப்பு அவசியம். தகர டின்னை ஒரே விதமாகத் தட்டினால் நாளடைவில் மான் பழகிவிடும். நேரத்தையும் ஓசையையும் மாற்ற வேண்டும். யானை நடமாடும் இடத்தில் கம்பு நட்ட பரண் ஆபத்தானது. அங்கு பருத்த மரத்தில், துதிக்கைக்கு எட்டாத உயரத்தில் கட்டவேண்டும். கண்ணியோ மின்கம்பியோ வைத்து மானைக் கொல்வது, சொந்த நிலமேயானாலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மின்கம்பியில் காவலுக்குப் போனவரே சிக்குவதும் உண்டு.