உஷார்! தோட்டாவுக்கு வீட்டில் மருந்து அடைக்காதீர்கள்

வாழப்பாடி, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி என்றாலே வயிறு எரியும். ஆறு மாதப் பாடு ஒரே ராத்திரியில் கிளறிக் கிடக்கும். அந்த எரிச்சலில் இரண்டு யோசனைகள் கிளம்புகின்றன. பரணில் கிடக்கும் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துப் பார்க்கலாம் என்பது பழைய யோசனை. 'காலித் தோட்டாவை நாமே நிரப்பிக்கலாம்ப்பா, வீடியோவுல எல்லாம் இருக்கு' என்று லைசென்ஸ் ரைபிள் வீட்டுப் பையன் சொல்வது புது யோசனை. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். கை போகும், கண் போகும். உயிர் தப்பினாலும் ஜெயில் காத்திருக்கிறது.

வீடியோவில் வராத கணக்கு

அமெரிக்காவில் பெரிய ரைபிளுக்குத் தோட்டா விலை அதிகம். அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டிலேயே மறுபடி மருந்து நிரப்புவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. மருந்தும் கேப்பும் கடையில் கிடைக்கின்றன. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு எடை என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்த அட்டவணை அச்சில் இருக்கிறது. இத்தனை இருந்தும் அங்கேயே துப்பாக்கிகள் வெடிக்கின்றன.

காரணம் அழுத்தம். 1912-இல் வந்த .375 மேக்னம் என்ற பெரிய வேட்டைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 30, 35. அந்த 62,000 வெடிப்பது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில். மருந்து இரட்டையாக விழுந்தாலோ, வேகமாக எரியும் வேறு மருந்து கலந்தாலோ பின்பக்கம் உடைந்து முகத்தில் அடிக்கும்.

'அப்ப கொஞ்சமாப் போடலாமே' என்பீர்கள். அதுவும் ஆபத்து. வேகம் போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

நாட்டுத் துப்பாக்கி இதைவிட மோசம்

நம் மலையடிவாரத்தில் பிடிபடுகிற துப்பாக்கிகளுக்கு அட்டவணையும் கிடையாது, அளவும் கிடையாது. குழல் எந்த இரும்பு, எத்தனை அழுத்தம் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. அதன் வாய்வழியாகக் கருமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிறார்கள். கருமருந்துக்கு ஒரு பொறி போதும். ரைபிள் தோட்டாவைப் பிரித்து எடுத்த புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழலே வெடிகுண்டாகும். பட்டாசைப் பிரித்து எடுப்பதும் துப்பாக்கி மருந்து அல்ல. பேன்சி வெடிகளில் இருக்கும் அலுமினியக் கலவை உரசலிலேயே தீப்பிடிக்கும்.

மருந்து வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை நாமக்கல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 31 அதிகாலை மோகனூரில், வீட்டில் இருந்த பட்டாசு வெடித்து 4 பேர் இறந்தார்கள். அடுப்பும் பீடியும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் மருந்துக்கு இடமில்லை.

பரணில் இருக்கும் பழைய துப்பாக்கியைக் காலி என்று நம்பாதீர்கள். என்றோ கெட்டித்த மருந்து உள்ளேயே இருக்கலாம். கம்பி விட்டுக் குத்திப் பார்க்கவோ, நெருப்பில் காட்டவோ வேண்டாம்.

அவுட்டுக்காய்: ஆள் பார்க்காத வெடி

துப்பாக்கி இல்லாதவர்கள் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தீனிக்குள் மருந்தைப் பொதிந்து வரப்பில் போட்டுவிட்டு வந்தால், கடிப்பது பன்றிதான் என்று யார் சொன்னது? பசு கடிக்கும், நாய் கவ்வும், குழந்தை எடுக்கும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இப்படி ஒரு வெடித் தீனியைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. நாடே அதைப் பார்த்துப் பதறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு.

'மெஷின் மட்டும்தானே வாங்கினேன்' என்று தப்ப முடியாது. தோட்டாவின் பாகங்களையும் தோட்டா செய்யும் கருவிகளையும் அந்தச் சட்டம் தோட்டா என்றே கணக்கில் எடுக்கிறது. ரைபிள் வைத்துக்கொள்ளக் கொடுத்த லைசென்ஸ், தோட்டா செய்வதற்கான லைசென்ஸ் அல்ல. ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் இதை இரண்டு தடவை படியுங்கள்.

அவுட்டுக்காய்க்கு 1908 வெடிபொருள் சட்டம் தனியாக வரும். பன்றியைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டமும் சேரும். பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஓடவிட்டதற்கே வாழப்பாடிப் பக்கம் வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையினரின் வேலை. தோட்டக்காரர் துப்பாக்கி தூக்க அதில் இடமில்லை.

ஜவளகிரியும் பென்னாகரமும் சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில் வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளோடு அந்தக் காடுகளில் திரிந்தார். அந்தக் கதைகளைப் படித்து ரசியுங்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது

• லைசென்ஸ் இருந்தால், அனுமதி பெற்ற கடையில் கம்பெனித் தோட்டா மட்டும் வாங்குங்கள். பச்சை பூத்த, நசுங்கிய, ஊறிய தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றைப் பற்றி ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

• லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வாரிசுக்குத் தானாக வராது. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து, வாரிசு பெயரில் தனியாக விண்ணப்பியுங்கள்.

• லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை நாமே ஒப்படைக்கும்படி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. பையில் சுருட்டிப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். வக்கீலையோ ஊர்ப் பெரியவரையோ வைத்து முதலில் ஸ்டேஷனில் பேசுங்கள். மருந்து உள்ளே இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

• பன்றி அழித்த பயிரைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே மனுக் கொடுத்து நிவாரணம் கேளுங்கள்.

• வயலில் சந்தேகமான உருண்டை கிடந்தால் தொடாதீர்கள். ஆடு மாடு, பிள்ளைகளை விலக்கிவிட்டு 112-க்கு அழையுங்கள்.

• யாருக்காவது வெடித்துக் காயம் பட்டால் உடனே 108. கேஸுக்குப் பயந்து 'மரத்திலிருந்து விழுந்தான்' என்று ஆஸ்பத்திரியில் கதை சொல்லாதீர்கள். உள்ளே என்ன பாய்ந்தது என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால் பிழைக்க வேண்டியவரும் பிழைக்க மாட்டார்.

அழிந்த மரவள்ளியை அடுத்த பட்டத்தில் நடலாம். போன விரல் முளைக்காது. இன்று சாயங்காலமே பரணில் ஏறிப் பாருங்கள். துப்பாக்கி இருந்தால் கையை வைக்காமல் இறங்கி, ஸ்டேஷனுக்குப் போன் போடுங்கள்.