கூன் என்பது ஒன்றன்று

தமிழில் கூன் பழைய சொல். புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட் பிறப்பின் எட்டுக் குறைகளுள் ஒன்றாக அதனை எண்ணுகிறது. கலித்தொகையோ கூனி ஒருத்தியையும் குறளன் ஒருவனையும் காதலராகவே காட்டுகிறது. அடியின் சீர்க்கணக்கில் அடங்காது தனித்து நிற்கும் சொல்லையும் யாப்பிலக்கணத்தார் கூன் என்றே வழங்கினர். இத்துணை வளமுடைய சொல், நோயை அறிய முற்படும்போது நம்மை ஏமாற்றிவிடுகிறது. காரணமும் மருத்துவமும் வேறு வேறாகிய பல நோய்களை அது ஒரே பெயரில் மறைத்துவிடுகிறது.

முதுகெலும்பு இயல்பிலேயே நேர்கோடன்று. பக்கத்திலிருந்து நோக்கின் கழுத்திலும் இடுப்பிலும் உள்வாங்கியும், மார்புப் பகுதியில் பின்தள்ளியும் இருக்கும். அப்பின்வளைவு மிகுவதே முதியோரிடம் நாம் காணும் கூன். எலும்பு நலிந்து முள்ளெலும்புகள் முன்புறம் நசுங்குவது அதற்கொரு முதன்மைக் காரணம்.

இளைஞரைப் பற்றும் மூட்டு நோய் ஒன்றும் கூனில் முடியக்கூடும். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது அதன் பெயர். முதுகின் அடிமூட்டுகளில் அழற்சி தோன்றி, முற்றிய நிலையில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிடும். பளு தூக்கியதால் வந்த வலி ஓய்வில் தணியும். இவ்வலியோ ஓய்வில் மிகுந்து நடமாட்டத்தில் தணிவது. சுபுஹுத் தொழுகைக்கு எழும் இளைஞருக்கு அரைமணி நேரத்திற்கு மேல் முதுகு விறைத்திருந்து, அது மூன்று மாதம் நீடித்தால், 'வாய்வு' என்று தைலம் தேய்த்துக் காலம் போக்கலாகாது. மூட்டுநோய் மருத்துவரைக் காணவேண்டும்.

நாம் விரித்துரைக்க விழைவது பக்கவளைவாகிய ஸ்கோலியோசிஸ் பற்றியே. வளரிளம் பருவத்தில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, முறுக்கியும் கொள்கிறது. பெருவளைவாக முற்றுவது பெண்பிள்ளைகளிடமே மிகுதி. புத்தகப் பையாலோ கோணி அமர்வதாலோ இது வருவதன்று. பிள்ளையைக் கடிந்து பயனில்லை. பெரும்பாலும் வலியும் இராது. கண்டறியும் வழி எளிது: கால்களைச் சேர்த்து, ருகூவில் குனிவதுபோல் முதுகு கிடையாகும்வரை குனியச் செய்து, கைகளை மட்டும் முழங்காலில் ஊன்றாமல் தொங்கவிடச் சொல்லிப் பின்னின்று நோக்கினால், ஒருபுற விலா மேடிட்டுத் தெரியும். வளர்ச்சி நிற்குமுன் கண்டால் கவசம் பயன் தரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கவசம் அணிந்தோருள் 72 விழுக்காட்டினருக்கும் அணியாதோருள் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது.

நம் மாணவி ஒருவரின் தோள் உயர்ந்திருந்ததை அவருடைய பன்னிரண்டாம் வயதிலேயே தாய் கண்டிருக்கிறார். "கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை, வெளியே தெரியவேண்டாம்னு இருந்துட்டேன் சார்" என்றார் நம்மிடம். துப்பட்டா எல்லாவற்றையும் மறைத்தது. கல்லூரிக்கு வந்தபின் மருத்துவர் அளந்தபோது வளைவு 52 பாகை. கவசத்திற்குரிய காலம் கடந்திருந்தது. அறுவை பற்றியே பேச வேண்டியதாயிற்று. இக்குறை குடும்ப வழியிலும் தொடரக்கூடியதாதலின், தங்கை உண்டா என்று வினவினார் மருத்துவர். மறுவாரமே பதினொரு வயதுச் சிறுமி வந்து குனிந்து நின்றாள். வளைவு 27 பாகை. அன்றே கவசத்திற்கு அளவெடுத்தனர்.