உங்கள் சட்டை என்ன பாட்டு பாடும், தெரியுமா?

கறுப்பு டி-சர்ட், கிழிந்த ஜீன்ஸ், காதில் இயர்ஃபோன். 'இவன் ராக் பார்ட்டி!' என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகிறோம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை என்றால் 'கச்சேரி மாமி!' ஒருவர் உடுத்தியிருப்பதை வைத்து அவர் கேட்கும் பாட்டைச் சொல்லிவிட முடியுமா? சிங்கப்பூரில் தொடங்கி ஒரு வலம் வந்தால் கிடைக்கிற சேதிகள் இருக்கின்றனவே... அப்பப்பா! ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. முடி நீளமா? கச்சேரி கிடையாது!

1970-களில் சிங்கப்பூரில் முடி வளர்த்த ஆண்களை அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள், தெரியுமா? அப்படிச் சொல்லிச் சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள்! எவ்வளவு இருந்தால் நீளம்? அதற்கும் கணக்கு உண்டு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மூடினால் நீளம். சாதாரணச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலும் நீளம். படம் வரைந்து காட்டினார்கள்! ஹிப்பிகளின் பாணி வந்தால் பின்னாலேயே போதைப்பொருளும் வந்துவிடும் என்ற கவலைதான் காரணம். 1972-ல் உலகையே கலக்கிக்கொண்டிருந்த லெட் செப்பலின் குழுவின் கச்சேரி இந்த முடி விவகாரத்தால் நடக்காமலே போனது. 1984-ல் ஜப்பானியக் கலைஞர் கிடாரோவுக்கும் அதே கதி. இத்தனைக்கும் கிடாரோவின் இசை, தியானத்துக்கு உட்காருகிறவர்கள் போட்டுக் கேட்கிற ரகம்!

2. கோட்டு சூட்டில் வந்த கிட்டார் புயல்!

1959-ல் 'மஞ்சள் கலாசாரம்', அதாவது ஒழுக்கத்தைக் கெடுக்கும் மேற்கத்தியக் கலாசாரம், கூடாது என்று ஜூக்பாக்ஸ்களுக்குத் தடை போட்ட ஊர் இது. இரண்டே வருடம்! 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வந்து இறங்கினார்கள். ஒரே மாதிரி உடை, கையில் மின் கிட்டார், தாளத்துக்கு ஏற்ப ஒன்றாக எடுத்துவைக்கும் கால். பார்த்த இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? ஊரெங்கும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' என்று தனி அலையையே எழுப்பினார்கள். 1964-ல் தி குவெஸ்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழுவின் 'ஷான்டி', சிங்கப்பூர்த் தரவரிசையில் முதலிடத்தையே பிடித்தது. கிட்டாரைக் கற்றுக்கொண்ட வேகத்திலேயே கோட்டுக்கும் தையற்காரரிடம் அளவு கொடுத்தார்கள்!

3. இறுக்கமான ஜீன்ஸுக்கு ஒரு பட்டப்பெயர்!

'மாட் ரோக்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 70, 80-களில் ஹெவி மெட்டல் கேட்ட மலாய் இளைஞர்களுக்கு ஊர் வைத்த பெயர். காலோடு ஒட்டிய ஜீன்ஸ், குழுவின் பெயர் பொறித்த சட்டை, தோளில் புரளும் முடி. இவர்களின் நாயகன் சிங்கப்பூர் ஸ்வீட் சாரிட்டி குழுவின் ரம்லி சாரிப். எல்லையைத் தாண்டி மலேசியாவில் 1992-ல் கூத்து உச்சத்துக்குப் போனது. நீண்ட முடியோடு அரசுத் தொலைக்காட்சியில் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு! சர்ச் குழுவின் பாடகர் ஏமி முடியை வெட்டிக்கொண்டது நாடே பேசிய செய்தியானது. முடி போனது, குரல் அப்படியேதான் இருந்தது. ரசிகர்கள் விட்டுப் போனார்களா என்ன?

4. கறுப்புச் சட்டைக்குள் உபநிடதம்!

இதுதான் உச்சம்! மேடையில் கறுப்பு உடை, உறுமும் குரல், இடி முழங்கும் டிரம்ஸ். பார்ப்பவர்கள் 'ஐயோ, சாத்தான் பாட்டு' என்பார்கள். ஆனால் பாடுவது என்ன தெரியுமா? வேதாந்தம்! 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழு, தன் இசையை 'வேதிக் மெட்டல்' என்றே அழைக்கிறது. சமஸ்கிருத சுலோகங்களும் நம் ஊர் வாத்தியங்களும் டெத் மெட்டலோடு கலந்து வரும். 'குருக்ஷேத்ரா', 'பிரம்மவித்யா' என்றெல்லாம் ஆல்பங்களுக்குப் பெயர். பாடகர் கதிர் வேதாந்தம் கற்பிப்பவரும்கூட. உடையை வைத்து ஆளைக் கணித்தவர்கள் எல்லாம் இங்கே ஃபெயில்!

5. மெட்டல் ரசிகரும் செவ்வியல் ரசிகரும் ஒரே ஜாதகம்!

நம்ப முடியவில்லையா? ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஏட்ரியன் நார்த், பல நாடுகளில் 36,000 பேருக்கு மேல் கேட்டு ஓர் ஆய்வு செய்தார். முடிவு 2008-ல் வெளியானது. ஹெவி மெட்டல் ரசிகர்களும் மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்களும் குணத்தில் ஏறக்குறைய ஒன்றாம்! இருவருக்கும் படைப்பாற்றல் அதிகம், கூச்ச சுபாவம், மனதுக்குள் அமைதி. வயதும் உடையும் வேறு. ஒருவர் தோல் ஜாக்கெட்டில், மற்றவர் கோட்டில்!

6. மஞ்சள் உடுத்தினால் உறுமி கேட்கும்!

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் நின்று பாருங்கள். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மஞ்சள் வெள்ளம்! மஞ்சளுக்கும் உறுமி மேளத்துக்கும் அப்படியொரு பந்தம். உறுமியை எப்படி வாசிக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். 'ம்ம்ம்' என்று விலங்கு உறுமுவது போல ஓசை எழும். மறுமுகத்தில் நேரான குச்சியால் அடி. காவடி எடுப்பவரின் கால் தானாக ஆடும். ஆனால் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது, தெரியுமா? 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அத்தனை வருடமும் மஞ்சள் மட்டும் குறையவே இல்லை. மேளம் நின்றாலும் உடை நிற்கவில்லை! அந்த மஞ்சள் வேட்டி பாட்டுக்காகக் கட்டியதல்ல, முருகனுக்காகவும் உடன் நடக்கும் கூட்டத்துக்காகவும் கட்டியது.

7. பாடகியின் பெயரில் ஒரு நீலம்!

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும். மாடியேறினால் புடவையும் சல்வாரும் தொங்கும் துணிக்கடைகள், நடுநடுவே தையல் இயந்திரத்தின் கடகட. பட்டு தெரிந்த யாரிடமாவது 'எம்.எஸ். புளூ' என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று புரிந்துகொள்வார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த ஆழ்ந்த நீலம் அது. ஒரு குரல், துணிக்கடையில் ஒரு நிறமாகவே உட்கார்ந்துவிட்டது! அந்த நீலம் கட்டுகிறவர்கள் எல்லாரும் தோடி ராகம் கேட்கிறவர்களா? கல்யாண வரவேற்பில் அதே நீலத்தைக் கட்டிக்கொண்டு குத்துப் பாட்டுக்கு ஆடும் சித்திகளைக் கேளுங்கள்!

8. ஷெர்வாணி போட்ட நாதஸ்வரம்!

நாதஸ்வரம் என்றாலே குடுமி, திறந்த மேனி, வேட்டி என்றிருந்த காலம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தார். ஷெர்வாணி போட்டுக்கொண்டு வந்து நின்றார்! வாசித்தது என்னவோ அதே தோடிதான். ராகத்தில் கை வைக்கவில்லை. மாற்றியது கலைஞனுக்குச் சபையில் கிடைக்கிற மரியாதையை. உடை, ரசனையைக் காட்டுவதை விட அந்தஸ்தைக் கேட்டு வாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

9. வெள்ளை ஒன்று, கதை மூன்று!

கே.பி. சுந்தராம்பாள் வெள்ளை. கே.ஜே. யேசுதாஸ் வெள்ளை. இளையராஜா வெள்ளை! முதலாமவர், 1933-ல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளைக்கு மாறியவர். மற்ற இருவருக்கும் அது தாமாக விரும்பி ஏற்ற அடையாளம். நாடக மேடை, கர்நாடக சங்கீதம், சினிமா என்று பாதையும் வேறு வேறு. வெள்ளை உடையை மட்டும் பார்த்து யார் என்ன பாட்டு என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

10. கூச்சி போய்ப் பூரி வந்தது!

அமெரிக்க ராப் பாடகர் லில் பம்ப் 2017-ல் விலையுயர்ந்த இத்தாலிய உடை பிராண்டின் பெயரை வைத்து 'கூச்சி கேங்' என்று பாடினார். நம் சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் யங் ராஜா என்ன செய்தார் தெரியுமா? அதையே தமிழும் ஆங்கிலமும் கலந்து 'பூரி கேங்' ஆக்கினார்! பிராண்டைப் பெருமையாகப் பேசுகிற ராப்பில் காலைப் பலகாரம்! இணையத்தில் பற்றிக்கொண்டது. அமெரிக்க ஹிப்-ஹாப் ரசனை இருந்தால் அமெரிக்க ஜம்பமும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று ஒரு தட்டுப் பூரியில் காட்டிவிட்டார்.

11. நெஞ்சில் நட்சத்திரம் சுமக்கிறவர்கள்!

கறுப்பு டி-சர்ட்டில் வெள்ளை மலைத்தொடர் போல நெளிநெளியாகக் கோடுகள். எங்கேயாவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அது மலையும் இல்லை, அலையும் இல்லை! 1967-ல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர் விண்மீனின் வானொலித் துடிப்புகள்! 1979-ல் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் குழு அதைத் தன் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்துக்கு அட்டைப்படமாக்கியது. இன்று அதை அணிகிறவர்களில் பலருக்கு அந்தக் குழுவும் தெரியாது, விண்மீனும் தெரியாது. டிசைன் நன்றாக இருந்தது, வாங்கினார்கள். அவ்வளவுதான்!

12. முகம் தெரியாவிட்டால் பாட்டு!

கடைசியாக இது! அமெரிக்க உளவியலாளர்கள் ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு. முன்பின் தெரியாதவர்களை இணையத்தில் ஜோடியாகப் பேசவிட்டு, 'ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளுங்கள்' என்றார்கள். ஆறு வாரம். எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் தெரியுமா? உடை, சினிமா, புத்தகம், விளையாட்டு எல்லாவற்றையும் முந்தியது இசை! உனக்குப் பிடித்த பத்துப் பாட்டைச் சொல் என்று கேட்டு, அதை மட்டும் வைத்தே ஒருவரின் குணத்தில் சிலவற்றை அந்நியர்களால் ஓரளவு சரியாகவே ஊகிக்கவும் முடிந்தது.

ஆக, உடையும் பாட்டும் ஒன்றா? பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவு. ஒருவர் எந்தக் கூட்டத்தோடு நிற்க விரும்புகிறார், இன்று எங்கே கிளம்பியிருக்கிறார் என்பதை உடை சொல்லும். தைப்பூசத்துக்கு மஞ்சள், எஸ்பிளனேட் அரங்கில் 'கலா உத்சவம்' இந்தியக் கலை விழா என்றால் பட்டு, ராக் கச்சேரிக்குக் கறுப்பு. மூன்றும் ஒரே அலமாரியில் மடித்து வைத்திருக்கிற சிங்கப்பூர்த் தமிழர்கள் எத்தனை பேர்! அவர் தனியாக இருக்கும்போது எதைக் கேட்கிறார் என்பது மட்டும் துணியில் தெரியாது. பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்து, 'அண்ணே, என்ன பாட்டு ஓடுது?' என்று கேட்டால்தான் உண்டு!