பக்கவாதம்: அடைப்போ, கசிவோ?

பெயர் ஒன்றாயினும் காரணம் வெவ்வேறாகும் பிணிகளுள் பக்கவாதம் தலையாயது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் கை கால் விழும். அக்குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் கை கால் விழும். வெளித்தோற்றம் ஒன்று, சிகிச்சையோ நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவு உள்ளவருக்கு உயிர்க்கொல்லியாகும்.

இவ்விரண்டையும் குறிகளைக் கொண்டே பிரித்தறிய மருத்துவர்கள் நெடுங்காலம் முயன்றனர். பாங்காக் நகரின் சிரிராஜ் மருத்துவமனையார் 1991-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். நினைவு மயங்கியதா, வாந்தியும் தலைவலியும் உண்டா, இரத்த அழுத்தத்தின் கீழ் எண் யாது, நீரிழிவு முன்னரே உண்டா என வினவி மதிப்பெண் இடுவது அது. ஆயினும் சிறு கசிவு தலைவலியின்றி வருதலும், பெரும் அடைப்பு நினைவை மயக்குதலும் உண்டு. ஆகவே குறிகள் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்கமாட்டா.

தீர்ப்பது படமே. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ஆக்கிய சி.டி. ஸ்கான் கருவி, 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்தில் உடனே வெண்மையாகத் தெரியும். அடைப்போ முதற் சில மணி நேரம் புலப்படாதிருக்கலாம். எனவே, படத்தில் ஒன்றுமில்லை என்பதால் நோயும் இல்லை என்று எண்ணி வீடு திரும்பலாகாது. எம்.ஆர்.ஐ. படம் அதனை விரைவில் காட்டும். பின்னர், கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிவா, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையா, வால்வில் பழுதா என மூலத்தைத் தேடுவர். மூலம் அறிந்தாலன்றி மறுமுறை வாராமல் காத்தல் அரிது.

கொல்கத்தாவில் 2003 முதல் டாக்டர் சியாமள் குமார் தாஸ் குழுவினர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களிடையே ஆராய்ந்தனர். ஆண்டுதோறும் இலட்சம் பேரில் சுமார் 145 பேரை இந்நோய் புதிதாகத் தாக்கியது. தாக்குண்டோரில் ஏறத்தாழ ஐவருக்கு இருவர் ஒரு மாதத்துக்குள் மாண்டனர்.

ரயில்வேயில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். ஹௌராவிலிருந்து வேலூருக்குச் சிகிச்சை நாடிச் செல்வோர் மிகப் பலர். நம்மவர்க்கோ அது சொந்த நாட்டு மருத்துவமனை. நம்பிக்கை மிகுதல் இயல்பே. ஆனால் இந்நோயில் அப்பயணம் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; காட்பாடியை அடையவோ ஒரு நாளுக்கு மேலாகும்.

நியூ டவுனில் பெரிய மருத்துவமனை என்றாலே எல்லா நோய்க்கும் உரியதன்று. இங்குள்ள டாடா மெடிக்கல் சென்டர் புற்றுநோய்க்கென 2011-இல் திறக்கப்பட்டது. அரசாங்கத்தின் பாங்குர் நரம்பியல் நிலையமோ தொலைவில் பவானிப்பூர்ப் பக்கம் உள்ளது. ஆதலின், இரவிலும் ஸ்கான் எடுத்து இவ்வூசியும் போடும் மருத்துவமனை அருகில் எதுவென இன்றே விசாரித்து, இல்லத்தில் எழுதி வையுங்கள்.

வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் கொடாதீர், உணவும் நீரும் ஊட்டாதீர். அடைப்போ கசிவோ என்பதை வீட்டார் ஊகிக்க வேண்டுவதில்லை. காலம் தாழ்த்தாமல் கொண்டு சேர்ப்பதே நம் கடமை.